காய்ச்சல் காம்பவுண்டு

திருப்பூரில் நாச்சிமுத்துவின் காம்பவுண்டுக்குள் போகவும் வரவும் ஒரே ஒரு இரும்புக் கேட்டுதான். கேட்டைத் தாண்டினால் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், குடியிருந்தவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனிகளில் தைப்பவர்கள், மடிப்பவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம், ஆனாலும் கொடியில் போட்ட துணியை எடுக்கும்போது ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துளசிமணிக்கு விரல் வீங்கியபோது காம்பவுண்டு முழுவதற்கும் விரல் வீங்கியது.

துளசிமணிக்கு விரல் வீங்குவது புதிதல்ல. பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நின்று, கப்பலேறப் போகிற பனியனில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க்கறை இருக்கிறதா என்று வருஷக்கணக்காகச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவள் அவள். புருஷன் செத்துப்போன பிறகு மூட்டுவாதம் வந்து விரல் கணுக்களில் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் டம்ளரைப் பிடிக்க முடியாது, தலை வாரிக்கொள்ள முடியாது, ரவிக்கைக்குக் கொக்கி மாட்டிவிடப் பக்கத்து வீட்டுச் சம்பூரணம்தான் வரவேண்டும், வேலையும் போயிற்று. ஒரே மகள் கோகிலவாணி, பிரிண்டிங் பிரிவில் இருந்த பிபின் என்கிற ஒடிசாக்காரனைக் கட்டிக்கொண்டு கரூருக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றிக் காம்பவுண்டு பேசாத பேச்சு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கேஸ் அடுப்பு டியூப் சோதிக்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு தோள்பையோடு ஒரு ஆள் கேட்டுக்குள் காலை வைத்தான். துளசிமணியின் விரல்கள் சிவந்து வீங்கின, அந்தச் சூடு அவளோடு நிற்காமல் சுவரைத் தாண்டி, ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த சம்பூரணத்தின் விரல்களில் ஏறியது, அங்கிருந்து அடுத்த வீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த டைலர் ஜெகதீசனுக்கு ஏறியது, அங்கிருந்து எதிர்வரிசைக்குப் போய் ஒவ்வொரு கதவாக ஏறி இறங்கியது. நெற்றி கொதிக்க, கண் சிவக்க, காய்ச்சல் மாத்திரை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு வந்து நின்றார்கள். கேஸ் ஆள் அத்தனை சிவந்த கண்களையும் பார்த்தான், பையைப் போட்டுவிட்டு ஓடினான். பைக்குள் அடுத்த தெருவில் திருடிய வெள்ளிக் கொலுசுகளும் ஒரு குத்துவிளக்கும் இருந்தன. அவன் மெயின் ரோட்டைத் தாண்டியதும் எல்லோருக்கும் வியர்த்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் காம்பவுண்டு நினைத்தது. ஒருத்தர் வீட்டுச் சண்டை எல்லார் வீட்டுக்கும் கேட்கிற இடத்தில் ஒருத்தர் காய்ச்சல் எல்லாருக்கும் வருவதா பெரிய விஷயம்? யாரிடமிருந்து கிளம்பியது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"மொதல்ல ஆருக்கு வந்துது?" என்று வீட்டுக்காரர் நாச்சிமுத்து கேட்டார்.

"எனக்குத் துளசியக்கா செவுத்துப் பக்கமிருந்து வந்துதுங்க" என்றாள் சம்பூரணம்.

"எனக்குச் சம்பூரணம் செவுத்துல இருந்துங்க" என்றான் ஜெகதீசன்.

இப்படிச் சுவர் சுவராக விசாரித்துக்கொண்டு போய், கடைசியில் எல்லோரும் துளசிமணியின் வாசலில் நின்றார்கள்.

மாதா மாதம் கோயமுத்தூரில் ஒரு மூட்டு டாக்டரிடம் துளசிமணி காட்டி வந்தாள். துணைக்குச் சம்பூரணம் போவாள். ஷஹீனா என்ற அந்த டாக்டர் சின்ன வயசுக்காரி, கேட்டால் பொறுமையாகச் சொல்கிறவள். இந்தத் தடவை சம்பூரணம் காம்பவுண்டுக் காய்ச்சலைப் பற்றி மூச்சு விடவில்லை, சொன்னால் மருந்து கொடுத்து நிறுத்திவிடுவாளோ என்று அவளுக்குச் சந்தேகம். வீக்கம் ஏன் வருகிறது என்று மட்டும் கேட்டாள்.

"உடம்புக்குள்ள ஒரு புரதம் இருக்குங்கம்மா, இன்டர்லூக்கின் ஆறுன்னு பேரு" என்றாள் டாக்டர். "முள்ளு குத்துனாலோ கிருமி நுழைஞ்சாலோ, அந்த எடத்துல இருக்கற செல்லுங்க இதை அனுப்பி மத்ததையெல்லாம் கூப்புடும். ஈரல் கேட்டுக்கும், எலும்பு மஜ்ஜை கேட்டுக்கும், மூளை கேட்டுட்டு உடம்பச் சூடாக்கும். கூப்ட்டதுக்கு வந்த படை பண்ற வேலைதான் வீக்கமும் செவப்பும். அது இல்லைன்னா சின்னக் காயத்துலயே செத்துருவோம். ஆனா இவங்களுக்கு முள்ளே இல்லாம அது கூப்ட்டுக்கிட்டே இருக்கு. வந்த படைக்கு அடிக்க எதிரி இல்ல, அதனால இவங்க மூட்டையே அடிக்குது."

டாக்டர் சொன்னதில் முதல் பாதிதான் பஸ் ஏறிக் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்தது. முள் இல்லாமலும் கூப்பிடும் என்ற பாதி எங்கோ வழியிலேயே இறங்கிக்கொண்டது. அன்றைக்கே குழாயடியில் சம்பூரணம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், அக்கா உடம்பில் ஆறாம் நம்பர் என்று ஒன்று இருக்கிறது, கெட்டது எது நுழைந்தாலும் அது கூப்பிடும், நமக்கெல்லாம் அது கேட்கிறது.

அதன் பிறகு ஆறாம் நம்பர் காம்பவுண்டில் குடியேறிவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் தகர நிழல் போட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்துத் துளசிமணியை உட்கார வைத்தார்கள், நாச்சிமுத்து அவளிடம் வாடகை வாங்குவதை விட்டார், முறை போட்டு வீட்டுக்கு ஒரு வேளை சாப்பாடு கொண்டுவந்து ஊட்டியும் விட்டார்கள். குழாய்க்கு மேல் ஒரு ஆணியில் காய்ச்சல் மாத்திரை அட்டை தொங்கியது. புதிதாக வருகிற யாரானாலும் கேட்டில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவேண்டும், குடித்து முடிக்கும்வரை துளசிமணி தன் விரல்களைப் பார்ப்பாள், காம்பவுண்டு அவரவர் விரல்களைப் பார்க்கும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் மாப்பிள்ளை முறுக்கெல்லாம் விட்டுவிட்டுச் சொம்போடு நின்றார்கள். கம்பெனியில் லீவு சொல்லும்போது நாச்சிமுத்து காம்பவுண்டுக் காய்ச்சல் என்றால் சூப்பர்வைசர் மேற்கொண்டு கேட்பதில்லை, அட, அதுவா என்று தலையாட்டுவார்.

தவணைக்குச் சேலை விற்கிற பெண்ணைக் கண்டு காம்பவுண்டுக்குக் காய்ச்சல் ஏறியது, அவளைத் திருப்பி அனுப்பினார்கள். பால்காரரைக் கண்டு ஏறியது, அவரை நிறுத்தினார்கள். ஜெகதீசனின் சொந்தத் தம்பியைக் கண்டே ஏறியது, அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் கேட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். அவர்கள் என்ன கெட்டது செய்ய வந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது, துரத்தப்பட்டவன் எதையும் செய்யப் போவதில்லையே. உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் மெய்சிலிர்த்துக்கொண்டார்கள், அந்தச் சிலிர்ப்பையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். இவர்களைக் கேட்டால் நிலாவைக்கூடச் சொம்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் சம்பூரணத்தின் கண் எதிர்வீட்டு அயர்ன்காரர் ரங்கநாதனின் கையில் விழுந்தது. "எல்லாத்துக்கும் வீங்கிக் கெடக்குது, உங்களுக்கு மட்டும் ஏனுங்ணா வெரலு வெண்டக்காயாட்ட இருக்குது?" என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கெட்டவனைக் கண்டு வீங்காத கை யாருடைய கை? அன்று சாயங்காலமே அவர் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ச் சேராங்கொட்டை வாங்கி வந்தார். அதன் பால் பட்டால் தோல் வெந்து புடைத்துக்கொள்ளும். அதைக் கணுக்களில் தடவிக்கொண்டு மறுநாள் எல்லோருக்கும் கையைக் காட்டினார், எல்லோரும் திருப்தியோடு தலையாட்டினார்கள். அடுத்த வாரத்தில் அந்த நாட்டு மருந்துக் கடையில் சேராங்கொட்டை தீர்ந்துபோயிற்று. யார் கை நிஜமாக வீங்கியது, யார் கை கொட்டையால் வீங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் தங்கள் கையைத் தவிர மற்ற எல்லாக் கைகளையும் சந்தேகப்பட்டார்கள். இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஆனால் அந்தக் குழாயடியில் வெறும் கையோடு நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

இந்தச் சமயத்தில் கோகிலவாணி கரூரிலிருந்து போன் செய்து, தான் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். துளசிமணி போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பேரப்பிள்ளையை யார் குளிப்பாட்டுவது? முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் போட்டு, ஒரு கையால் தலையைத் தாங்கி, ஒரு கையால் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றவேண்டும். கழுத்து நிற்காத தலையை, டம்ளர் நிற்காத கையில் எப்படித் தாங்குவது? கோகிலாவைப் பெற்றபோது தன் கையாலேயே குளிப்பாட்டி எடுத்தவள் அவள். அந்தக் கை திரும்ப வேண்டும் என்ற ஆசை அவளைப் பாடாய்ப் படுத்தியது.

"ஒரு ஊசி இருக்குதுங்கம்மா" என்று டாக்டர் ஷஹீனா சொன்னாள். "கூப்புடறத நிறுத்தாது. கேக்கற காதை அடைக்கும். வீக்கம் வத்தும், கை மடங்கும்."

சம்பூரணம் கூடவே இருந்தாள். அன்றே குழாயடியில் கூட்டம் கூடியது.

"ஊசியெல்லாம் வேண்டாம் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "உனக்குக் கை சொகமாயிருச்சுன்னா இத்தனை குடும்பத்துக்கு ஆரு காவலு?"

"என்ர பேரப்புள்ளைக்கு நாந்தானுங்க தண்ணி வாக்கோணும்."

"நான் வாக்கறேங்க்கா" என்றாள் சம்பூரணம். "உனக்கு நான் கொக்கி மாட்டலையா? சோறு ஊட்டலையா? இன்னும் என்னக்கா கொற?"

துளசிமணி தலையாட்டினாள். ஊட்டி வளர்க்கப்படுகிறவர்களுக்கு மறுத்துப் பேச வாய் ஒழிவதில்லை. ஆனால் அடுத்த மாதம் கோயமுத்தூரில் சம்பூரணத்தை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, முன்பே எடுத்துவைத்திருந்த சோதனை முடிவுகளை டாக்டரிடம் நீட்டி, ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க" என்றாள் டாக்டர். "இனி உள்ள நெஜமாவே ஏதாவது நுழைஞ்சாக்கூட உங்களுக்குக் காய்ச்சல் சரியாக் காட்டாது. சின்னப் புண்ணுன்னாலும் வந்துருங்க. அந்தக் கூப்புடற புரதம் ரத்தத்துல இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆகும், கேக்க ஆளில்லாம சுத்திக்கிட்டிருக்கும். உங்களுக்கு மட்டும் தெரியாது."

மாதா மாதம் இப்படியே சம்பூரணத்தை டீக்கு அனுப்பிவிட்டு ஊசி போட்டுக்கொண்டாள், வீக்கம் வற்றியது. துளசிமணி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், வலி தாங்கவில்லை என்று சொன்னாள், யாரோ ஊட்டிய சோற்றை வாயில் வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திய பிறகு துணியை அவிழ்த்து, தானே தலை வாரினாள், தானே கொக்கி மாட்டி மாட்டிக் கழற்றினாள், துண்டில் அரிசியைக் குழந்தை கனத்துக்குக் கட்டி, காலை நீட்டிப் போட்டு, தலைமாட்டுப் பக்கம் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் வெறும் சொம்பைச் சாய்த்துப் பழகினாள். அப்போது அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

ஆனால் வெளியே காம்பவுண்டு கொதித்தது. துளசிமணிக்குக் கேட்காமல் போன கூப்பாடு இருமடங்காகி, கேட்கிற காதுகளைத் தேடி வீடு வீடாக அலைந்தது. கேட்டில் ஆளே வராத நாளில் காய்ச்சல் ஏறியது, மாத்திரைக்கு இறங்க மறுத்தது. சேராங்கொட்டை தடவியிருந்தவர்களுக்கும் உள்ளிருந்து நிஜமாக வீங்கியது. வெளியே யாரும் இல்லையென்றால் உள்ளேதானே இருக்கவேண்டும்? ஜெகதீசன் தன் மனைவி கொடுத்த சாப்பாட்டைப் பூனைக்கு முதலில் வைத்துப் பார்த்தான். ரங்கநாதனின் வீட்டுக் கதவை ஆளுக்கு ஒரு நேரம் காவல் காத்தார்கள், அவர் ஒரு நாள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், அவர் போனபிறகும் காய்ச்சல் குறையவில்லை, போகிறபோது எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அவர் வீட்டுத் தரையைத் தோண்டினார்கள். துளசிமணிக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது, காரணம் தன் ரத்தத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். குழந்தை வந்து சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கரூர் ஆஸ்பத்திரியில் கோகிலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்க்கக் காம்பவுண்டு துளசிமணியை விடவில்லை, இந்த நேரத்தில் கேட்டு காலியாகக் கிடக்கலாமா என்றார்கள். பச்சைக் குழந்தையைப் போட்டோ எடுத்தால் கண்ணு பட்டுவிடும், எடுக்காதே என்று துளசிமணியே மகளிடம் சொல்லியிருந்தாள். ஆகவே பேரன் யாரைப்போல இருக்கிறான் என்று தெரியாமலே அவள் நாட்களைத் தள்ளினாள்.

கோகிலா வந்த காலையில் காம்பவுண்டு முழுவதும் நல்ல காய்ச்சல். ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது, பிபின் முதலில் இறங்கிப் பையை எடுத்தான், கோகிலா தலைமுதல் கால்வரை வெள்ளைத் துண்டில் சுற்றிய குழந்தையோடு இறங்கினாள். உள்ளே எல்லோரும் வீங்கிய கைகளோடு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சம்பூரணம் ஆரத்தித் தட்டைப் பிடிக்கப் பார்த்தாள், விரல் மடங்காமல் தட்டு கீழே விழுந்து சிவப்புத் தண்ணீர் வாசலில் ஓடியது.

"பாத்தீங்களா" என்றான் ஜெகதீசன். "இத்தனை நாளா இதுக்குத்தான் கூப்ட்டுட்டு இருந்திருக்குது."

"பச்சப்புள்ளடா அது" என்றாள் சம்பூரணம், ஆனால் ஒரு அடி பின்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"புள்ளைல பாதி ஆருன்னு நமக்குத் தெரியாதல்லோ?" என்றார் நாச்சிமுத்து. பிபின் பத்து வருஷமாகத் திருப்பூரிலும் கரூரிலும் இருக்கிறவன், அவனுக்கு அது நன்றாகவே புரிந்தது, பையைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ டிரைவரைப் போகாமல் நிற்கச் சொன்னான்.

கோகிலா யாரையும் பார்க்கவில்லை. கம்பிகளுக்கு ஊடாகத் தாயை மட்டும் பார்த்தாள். "அம்மா, வெளிய வா. நீ மொதல்ல வாங்கு."

துளசிமணி எழுந்தாள். கைத்துணியை அவிழ்த்துக் கீழே போட்டாள். அவள் விரல்கள் மெலிந்து, நீண்டு, கல்யாணப் பெண்ணின் விரல்கள் மாதிரி இருப்பதைக் காம்பவுண்டு பார்த்தது.

"ஊசி போட்டிருக்குதுங்க!" என்று சம்பூரணம் கத்தினாள். "என்னைய டீக்கு அனுப்பீட்டுப் போட்டிருக்குதுங்க!"

யாரும் துளசிமணியைத் தடுக்கவில்லை. கேட்டைத் திறந்து வெளியே போய் இரண்டு கைகளையும் நீட்டினாள், கோகிலா குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். நடுங்கவில்லை, நழுவவில்லை. தலை ஒரு உள்ளங்கையில் அழகாக உட்கார்ந்தது. துண்டுக்குள்ளிருந்து இளஞ்சூடு வந்தது.

நாச்சிமுத்து கோபப்படவில்லை, அதுதான் மோசம். கேட்டின் உள்ளிருந்து சாதாரணமாகக் கேட்டார். "அம்மிணி, இத்தனை நாளு நீ சொன்னதத்தான் நாங்க கேட்டோம். இப்பவும் நீயே சொல்லு. உன்ர சொல்லுக்கு வழி விடறோம். இவன் நம்மாளா?"

என் பேரன், வழி விடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும், அவர்கள் விலகியிருப்பார்கள். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொல்வதற்கு முன்னால், எத்தனையோ நாள் கேட்டில் உட்கார்ந்து பழகிய பழக்கத்தில், அவள் குனிந்து தன் விரல் கணுக்களைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள், குழந்தையை மெல்ல மாற்றிக்கொண்டு இடது கையைப் பார்த்தாள். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. காது அடைத்த கைக்கு இனி எதுவும் கேட்காது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, அப்படியானால் இந்தச் சூடு குழந்தையின் சூடா, வேறு எதன் சூடா என்று நினைத்தாள், நினைத்தபடி மறுபடியும் வலது கையைப் பார்த்தாள்.

கோகிலா இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா" என்றாள். "நீயுமா?"

துளசிமணி நிமிர்ந்தாள். "இல்ல கண்ணு, நான் வந்து..." என்று தொடங்கினாள். கோகிலா கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள், பிபின் பையை எடுத்தான், ஆட்டோ திரும்பியது. துளசிமணி சந்து முனைவரை கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள், ஆட்டோ நிற்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது எல்லோரும் இன்னும் கேட்டிலேயே நின்றிருந்தார்கள். ஆட்டோ போய் வெகுநேரமாகியும் யாருக்கும் காய்ச்சல் இறங்கவில்லை, விரல்கள் இன்னும் கூடத்தான் வீங்கியிருந்தன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் அதைச் சொல்லவில்லை. துளசிமணி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் இன்னும் ஒரு தலையைத் தாங்குகிறபடியே குவிந்திருந்தன.

எவ்வளவு கோபம் இருந்தாலும் ஒரு குழந்தையைத் தூக்கியவளிடம் கேட்கவேண்டியதைக் கேட்காமல் சம்பூரணத்தால் இருக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, புள்ள ஆரு சாடை?"

துளசிமணி யோசித்தாள், வெகுநேரம் யோசித்தாள், துண்டை விலக்கி முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை, தன் விரல் கணுக்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.